குருந்தைத் தேடி, அடையாளம் கண்டு, வளவில் வளர்ப்பது: திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கன்றுத் தோட்டத்துக்குப் போய் "குருந்துக் கன்று இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று, சிவந்த கொழுந்தோடு பளபளவென்று நின்ற ஒரு கன்றை எடுத்துத் தந்தார்கள். வளவில் வைத்து மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினேன். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்று, எழும்பியதும் இலையோரம் கருகத் தொடங்கி, பத்தே நாளில் செத்துப்போனது. காய்ந்த இலையைக் கசக்கி மோந்தபோதுதான் விளங்கியது: கறுவா! சிங்களத்தில் 'குருந்து' என்றால் கறுவா. கொழும்பில் நாங்கள் கறுவாத்தோட்டம் என்கிற இடம் அவர்களுக்கு 'குருந்துவத்த'. நான் தமிழில் கேட்டேன், அவர்கள் சிங்களத்தில் விளங்கிக்கொண்டார்கள். யார் மேலும் பிழையில்லை. ஆனால் தோட்டத்தில் போய்ப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் குருந்து கிடைக்காது. மரத்தை நீங்களே அடையாளம் காணவேண்டும், விதையையும் நீங்களே எடுக்கவேண்டும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

எந்தக் குருந்து?

தமிழில் குருந்து என்பது தேசி (எலுமிச்சை), தோடை, வில்வம், விளா எல்லாம் சேர்ந்த ரூட்டேசியே குடும்பத்துச் சிறு மரம். தாவரவியல் பெயர் அட்டலாண்டியா மோனோபில்லா. முதற்பெயர் கிரேக்கக் கதையில் வேகமாக ஓடும் அட்டலாண்டா என்ற பெண்ணுடையது. 'மோனோபில்லா' என்றால் ஒற்றை இலை. அந்த ஒற்றை இலையில் ஒரு விசயம் இருக்கிறது, கீழே வருகிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. யாரும் கப்பலில் கொண்டுவந்து நட்டதில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் காதில் பழகியிருக்கும். சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தில் மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம் என்று அடுக்கி "குருந்தொடு முல்லை கொடிவிடும் பொழில்" என்று முடிகிற ஒரு பாட்டு உண்டு. சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேச்சரத்தில் நின்று பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆகவே அந்தப் பட்டியலைக் காட்டுக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் புன்னையும் குருந்தும் இந்தக் கரைக்கு அந்நியமில்லை. என்னுடைய ஆதங்கமெல்லாம், அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிற பிள்ளைகளிடம் குருந்து எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான். எனக்கும் நாற்பது வயது வரை தெரியாது.

மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறையில் குரு காட்சி கொடுத்தது குருந்த மரத்தடியில். கண்ணன் ஒசித்ததும், அதாவது முறித்ததும், குருந்துதான். பழைய முல்லைப் பாட்டுகளில் மாடு மேய்க்கிற ஆயர் தலையில் சூடுவதும் இதன் பூவைத்தான். இவ்வளவு பெயர் எடுத்த மரம், பார்த்தால் ஒரு பற்றை மாதிரி நிற்கும். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

எங்கே தேடுவது

காடு என்றதும் சிங்கராஜ மாதிரி எப்போதும் நனைந்து கிடக்கிற மழைக்காட்டை நினைக்காதீர்கள். அங்கே வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கும் மேல், மாதம் தவறாமல் பெய்கிறது. எங்களுக்குக் கிடைப்பது சுமார் 1600. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்கள் வெயிலும் கச்சானும். அப்படி இருந்தும் இங்கத்தைக் காடு இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்பதில்லை. இதை உலர் பசுமைக்காடு என்பார்கள். மேல்தட்டில் பாலை, வீரை, முதிரை. சாவண்டலையும் இந்தக் காட்டு மரம்தான். ஆங்கிலேயர் அதற்குத் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் வைத்துப் படகு கட்டக் கொண்டுபோனார்கள். குருந்து இவற்றுக்குக் கீழே, இரண்டாம் தட்டில் நிற்கும்.

காட்டின் நடுவில் தேட வேண்டாம், ஓரத்தில் தேடுங்கள். பாறை எழும்பிய மேடு, பழைய குளக்கட்டு, கோயில் வளவில் வெட்டாமல் விட்ட மூலை, நிலாவெளிப் பக்கம் மணலும் செம்மண்ணும் கலக்கிற இடத்துப் பற்றைகள், கன்னியாவுக்கு மேற்கே வீதியோரப் பற்றைக்காடு போன்ற இடங்கள் தேடத் தோதானவை. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் பளபளப்பான தடித்த இலை தனியாகத் தெரியும்.

சரி, ஒரு எச்சரிக்கை. வன இலாகாவின் காடும் சரணாலயமும் எங்கள் வீட்டு வளவில்லை. அங்கே கன்று பிடுங்குவது சட்டப்படி குற்றம். கடற்படை வேலி போட்ட இடங்களுக்குள்ளும் போகாதீர்கள். தனியார் காணி, கோயில் காணி என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, யானை நடமாடும் பக்கம் காலையில் தனியே போகவேண்டாம்.

இலையில் தொடங்குங்கள்

பூவும் காயும் எப்போதும் இருக்காது. இலை எப்போதும் இருக்கும்.

ஒரு கொப்பைப் பிடித்து, இலைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். குருந்தில் இலைகள் மாறிமாறி வரும், நேரெதிரே சோடியாக வராது. இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். முள்ளிருக்கிற பற்றைகளில் எங்கள் பக்கம் அடிக்கடி குழப்புவது காரை. அதில் இலையும் முள்ளும் சோடி சோடியாக இருக்கும். கறுவாவிலும் இலைகள் ஏறக்குறைய நேரெதிர்தான், அதோடு அடியிலிருந்து மூன்று நரம்பு எழும்பி ஓடும். குருந்தில் நடுநரம்பு ஒன்று. பக்க நரம்புகள் மெல்லியவை, நிறைய, நெருக்கமாக ஓடும்.

அடுத்து ஒரு இலையைப் பறித்துச் சூரியனுக்கு நேரே பிடியுங்கள். இலை முழுக்க ஊசியால் குத்தினது போல ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். குடும்பத்தின் முத்திரையே அதுதான். தேசி இலையிலும் வில்வ இலையிலும் இதே புள்ளிகளைப் பார்க்கலாம். முற்றின இலை தடிப்பு, புள்ளி தெரியாமல் போகலாம். இளம் இலையில் பாருங்கள். பிறகு கசக்கி மோந்து பாருங்கள். தேசிவாசம்தான், ஆனால் கொஞ்சம் காட்டு நெடி சேர்ந்தது. மூக்குக்கு ஒருமுறை பழகிவிட்டால் பிறகு மறக்காது.

இலையின் நுனியைப் பாருங்கள். பெரும்பாலும் கூராக இராது. மழுங்கி, நடுவில் ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கும், யாரோ நகத்தால் கிள்ளியது போல. நீளம் இரண்டு விரற்கடையிலிருந்து நாலு விரற்கடை வரை.

தேசியா, குருந்தா என்று தடுமாறுகிற இடம் இலைக்காம்பு. தேசியில் காம்பின் இரண்டு பக்கமும் ஒடுங்கிய சிறகு போல ஒரு விளிம்பு ஓடும். குருந்தில் காம்பு குட்டை, சிறகே இல்லை. இலையோரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தேசியில் சின்னச் சின்ன நெளிவு தட்டுப்படும், குருந்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது அந்த ஒற்றை இலை விசயம். காம்பும் இலையும் சேருகிற இடத்தில் ஒரு மூட்டு மாதிரித் தெரியும். சாதாரண இலைக்கு அந்த இடத்தில் மூட்டு எதற்கு? இது உண்மையில் கூட்டிலை. வில்வத்தில் மூன்று சிற்றிலை, விளாவில் ஐந்து ஏழு; இதில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. நான் முதன்முதலில் மூன்றிலும் ஒவ்வொரு கொப்பை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது கண்ணுக்குப் பட்டது. நீங்களும் செய்து பாருங்கள். கோயிலில் வில்வம் கிடைக்கும், விளா எந்த ஊரிலும் நிற்கும்.

முள், இலைக்கக்கத்திலிருந்து (காம்பு கொப்போடு சேருகிற மூலையிலிருந்து) தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், ஒரு அங்குலம் வரை. ஆனால் முள்ளை நம்பி முடிவுகட்ட வேண்டாம். முதிர்ந்த மரத்தில் மேல் கொப்புகளில் முள்ளே இருக்காது. மரம் சாதாரணமாக ஆறு மீற்றர் அளவு. வெட்டுப்பட்டுத் துளிர்த்தது என்றால் இடுப்பளவுப் பற்றையாகவே கிடக்கும்.

பேய்க்குருந்து என்று இன்னொன்று இருக்கிறது, இதே இனத்தின் சகோதரம். சிங்களத்தில் 'யக்கினாரங்', அதன் இலையை இடித்துச் சளிக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். இலையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது தலையிடி. பூக்கும் வரை பொறுங்கள்.

பூ, காய்

மழை இறங்கிய பிறகு போங்கள். பூ வெள்ளை, ஒரு சதக் காசை விடச் சிறியது, இலைக்கக்கத்தில் கொத்தாக வரும். வாசம் தேசிப்பூவின் வாசம்தான், இன்னும் மெல்லியது. ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண் மங்கலானவர்கள் பேரப்பிள்ளையின் உருப்பெருக்குக் கண்ணாடியை இரவல் வாங்குங்கள்.

முதலில் அடியில் இருக்கிற பச்சைப் புல்லிவட்டம். பெரும்பாலான பூக்களில் அது சமமாகப் பிரிந்து நட்சத்திரம் போல நிற்கும். குருந்தில் ஒழுங்கே கிடையாது. மொட்டு விரியும்போது கிழிந்துவிட்டது போல இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, ஒரு பக்கம் அடி வரை கிழிந்திருக்கும். குருந்தை உறுதிப்படுத்த நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அதற்கு மேலே நாலு இதழ், சிலதில் ஐந்து. உள்ளே மகரந்தத்தாள் பெரும்பாலும் எட்டு. அவற்றின் தாள்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டி, சூலகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் குழலாக நிற்கும். தேசிப்பூவில் இருபதுக்கு மேல் எண்ணலாம். எண்ணிப் பார்த்தால் சந்தேகமே மிஞ்சாது.

காய், சின்னத் தேசிக்காயை இன்னும் சின்னதாக்கினால் எப்படியோ அப்படி. ஒன்றரையிலிருந்து இரண்டரை சென்றிமீற்றர் குறுக்களவு, உருண்டை, பழுத்தால் பச்சை மங்கி மஞ்சள் ஓடும். வெட்டினால் தேசி போலச் சுளைகள், மூன்று முதல் ஐந்து அறை, ஆனால் சாறு ஏதோ கடமைக்கு. புளிப்போடு கைப்பு. இதை ஊறுகாய் போடுகிறவர்கள் உண்டு. நான் போட்டுப் பார்க்கவில்லை, ஒன்றைக் கடித்ததே போதும் என்றாகிவிட்டது.

விதை எடுப்பது

நான் காய் பொறுக்குவது தை, மாசியில். மரத்திலிருந்து பறிக்காமல் கீழே விழுந்ததை எடுங்கள். தானாக விழுந்தால் முற்றியது என்று அர்த்தம். ஒரு மரத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுக்காமல் இரண்டு மூன்று மரங்களில் எடுத்தால் கன்றுகள் எல்லாம் ஒரே தாய்ப்பிள்ளைகளாக இருக்காது. பாதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காயைப் பிளந்து விதையை எடுத்து, சாம்பலில் புரட்டி வழுவழுப்புப் போகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் மிதப்பவை சொத்தை, எறிந்துவிடலாம். மூழ்கியவற்றை நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். வெயிலில் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். காய்ந்த விதையைப் போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்து, 'ஐப்பசி மழைக்கு விதைப்போம்' என்று இருப்பார்கள். தேசிக் குடும்பத்து விதை நெல் மாதிரிக் காத்துக்கொண்டிருக்காது, நன்றாகக் காய்ந்தால் உயிர் போய்விடும். எடுத்த கிழமையே விதையுங்கள். நான் முதல் வருடம் போத்தலில் வைத்தது ஐம்பது விதை. முளைத்தது ஒன்றுகூட இல்லை.

பை, மண், நிழல்

செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. பொலித்தீன் பை உயரமானதாக, ஒன்பது அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இதன் ஆணிவேர் நேரே கீழே போகிற சாதி. கட்டைப் பையில் சுருண்டால் பிறகு நிலத்திலும் சுருண்டபடியே நிற்கும். யோகட் கப்பில் விதைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம், மரம் வராது.

பைக்கு இரண்டு விதை, சுண்டுவிரல் நகத்தளவு ஆழத்தில். தென்னோலைப் பந்தலுக்குக் கீழே வையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், சதசதக்க வேண்டாம். என்னிடம் மூன்றாம் கிழமைக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. சிலது இரண்டு மாதம் கழித்து, நான் பையைக் கொட்டப் போன அன்று வந்தது. அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள்.

அப்புறம் பொறுமை. வேகமாக ஓடிய அட்டலாண்டாவின் பெயர் இதற்கு எந்தப் பொருத்தத்தில் வந்ததோ தெரியாது. முதல் மாரி வரும்போது கன்று ஒரு சாண் கூட இருக்காது. அந்த ஐப்பசியில் நடாதீர்கள். இன்னொரு வருடம் பையில் வைத்து, தேவை என்றால் பெரிய பைக்கு மாற்றி, அடுத்த மாரிக்கு நடுங்கள். அதற்கு மூன்று மாதம் முந்தியே பந்தலை மெல்ல மெல்லத் திறந்து வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடுவது

முதல் நல்ல மழை விழுந்து நிலம் அலவாங்குக்கு இளகியதும் நடலாம். பெரும்பாலும் ஒக்டோபர் கடைசி, நவம்பர் முதல் கிழமைகள். கிடங்கு ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். கிறவல் நிலம் என்றால் இன்னும் கொஞ்சம் ஆழம். தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஆகாது. மேட்டில் வையுங்கள். மேல்மண்ணையும் ஒரு கூடை எருவையும் கலந்து நிரப்பினால் போதும். யூரியா போட்டு வளர்க்கப் போனால் கொழுந்து மெத்தென்று வரும், கச்சானுக்கு முதலில் அதுதான் கருகும்.

நட்ட வருடம் மே முதல் ஓகஸ்ட் வரை கிழமைக்கு இரண்டு வாளி. அடியில் செத்தை போட்டு மூடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். இரண்டாம் கோடையில் தண்ணீரைக் குறைக்கலாம். மூன்றாம் கோடையில் அது தானாகப் பார்த்துக்கொள்ளும், இந்த மண்ணின் பிள்ளைதானே.

மானும் புழுவும்

வேறு ஊரில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். எங்கள் பட்டினத்தில் புள்ளிமான் மாடு மாதிரி வீதியில் திரியும், பிரட்ரிக் கோட்டைக்குள் கூட்டமாகப் படுத்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் இளம் கன்றை ஒரே இரவில் குச்சியாக்கிவிடும், ஆண்மான் வந்தால் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். கன்றைச் சுற்றி நாலு தடி நட்டு, ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை. வலைக்குக் காசில்லை என்றால் முள்ளுக் கொப்புகளை வெட்டி நெருக்கிக் கட்டுங்கள். தண்டு மணிக்கட்டளவு தடிக்கும் வரை கழற்ற வேண்டாம்.

அடுத்தது புழு. கொழுந்தில் காகம் எச்சமிட்டது போல ஒன்று ஒட்டியிருக்கும். தட்டிவிடப் போனால் அசையும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் தோலுரித்துப் பச்சையாக மாறி இலையோடு இலையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் இரண்டாகப் பிளந்த ஒரு கொம்பை வெளியே நீட்டும், கூடவே அழுகின தேசிக்காயின் நெடி. நீலத் திட்டுச் செட்டையோடு உள்ளங்கை அகலத்துக்குப் பறக்கிற பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் குருந்தில் முட்டையிடும்.

பக்கத்து வளவு ஐயா நான் மருந்து அடிக்கப் போனதைப் பார்த்து வேலிக்கு மேலால் கேட்டார்: "தம்பி, உந்தப் புழுவுக்குப் பயந்தால் பிறகு என்னத்துக்குக் குருந்து?"

"ஐயா, மொத்தமே ஆறு இலைதான் இருக்கு."

"அப்ப பிடிச்சு என்ர தேசியில விடும்."

அதுதான் சரியான வழி. ஆறு இலைக் கன்றை ஒரு புழு மூன்று நாளில் முடித்துவிடும். எனவே கன்று இடுப்பளவு வரும் வரை புழுக்களைத் தேசி மரத்துக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு தொடவேண்டாம். தின்னட்டும், திரும்பத் துளிர்க்கும்.

எதற்கெல்லாம் உதவும்

மரம் மஞ்சள் ஓடின நிறம், நல்ல வைரம், நெருக்கமான நார். கைப்பிடிக்குக் கடைசலுக்கு ஏற்றது, ஆனால் இவ்வளவு மெல்ல வளர்வதை அதற்காக வெட்ட எனக்கு மனம் வராது. காயிலிருந்து எடுக்கிற எண்ணெயை வாதத்துக்குப் பூசுவது பழைய நாட்டு வைத்தியம். பூசுவதோ குடிப்பதோ, வைத்தியரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். உயிர்வேலிக்கு இது அருமையான மரம். இரண்டரை அடிக்கு ஒன்றாக நட்டு, இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் பக்கக் கொப்பு முள்ளோடு நெருங்கி நிற்கும். வேலியாக வளர்ப்பதானால் கவ்வாத்தை மழைக்கு முந்தி முடியுங்கள், இல்லையென்றால் பூக்கொத்துகளையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

என்னுடைய கிணற்றடிக் கன்று வைத்து ஆறாவது மாரி இது. போன கார்த்திகையில் முதல் பூ வந்தது, பதினொரு பூ. புல்லிவட்டம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தாள்களை எண்ணினேன், எட்டு.